கோபி போகிறாரா? போனால்தான் என்ன குற்றம்?

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்கக் கூடைப்பந்தில் பந்து தரையில் படுவதற்கு முன்பே இன்னொரு ஆட்டம் ஆரம்பித்துவிடும். எந்த நட்சத்திரம் எந்த அணிக்கு மாறப் போகிறார், அவருக்குப் பதிலாக யார் யார் வரப் போகிறார்கள் என்கிற ஆரூட ஆட்டம். டீக்கடை பெஞ்சில் மந்திரி சபையை மாற்றி அமைப்பவர்களைப் போல, ஆளாளுக்கு ஒரு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து என்.பி.ஏ. அணிகளைக் கலைத்துப் போட்டு அடுக்குவார்கள். பொழுதுபோக்கு என்ற அளவில் அதில் தப்பில்லை. ஆனால் ஆரூடத்தோடு ஓர் உபதேசமும் இலவச இணைப்பாக வருகிறதே, அதில்தான் கோளாறு. "இத்தனை கோடி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்கிறானே, விசுவாசம் இல்லாதவன்!" என்பதுதான் அந்த உபதேசம்.

இந்த உபதேசம் எவ்வளவு பெரிய ஜல்லி என்பதைப் பார்க்க ஒரு பழைய கேஸே போதும். 2007-ம் வருடம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். கோபி பிரையன்ட்.

கொஞ்சம் பின்கதை. 1996-ல் சார்லட் ஹார்னெட்ஸ் அணி 13-வது ஆளாகத் தேர்ந்தெடுத்த கோபியை, வ்ளாடே டிவாட்ஸ் என்ற நெட்டையரைக் கொடுத்து லேக்கர்ஸ் வாங்கிக்கொண்டது. அதாவது கோபியின் தொழில் வாழ்க்கையே ஒரு டிரேடில்தான் ஆரம்பித்தது. அப்போது பையனுக்கு 17 வயது. டிவாட்ஸ் போக மாட்டேன் என்று முரண்டு பிடித்து, ஓய்வு பெற்றுவிடுவேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் போகத்தான் வேண்டியிருந்தது. 2000, 2001, 2002 என்று மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வந்தது. 2004-ல் ஷகீல் ஓ'நீலை மயாமிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு லமார் ஓடம், கேரன் பட்லர், பிரையன் கிராண்ட் ஆகிய மூவரும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் வந்தன. அதே சமயத்தில் கோபி 7 வருடத்துக்கு ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூவரும் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ஒரே வருடத்தில் கிராண்டை விடுவித்துவிட்டார்கள். அதே 2005 கோடையில் பட்லரை வாஷிங்டனுக்குக் கொடுத்து குவாமி பிரவுனை வாங்கினார்கள். அங்கே போன பட்லர் 2007, 2008 இரண்டு வருடமும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இங்கே வந்த பிரவுனைச் சொந்த அரங்கத்து ரசிகர்களே கேலி செய்தார்கள். வியாபாரத்தில் இதற்குப் பெயர் நஷ்டம். சரக்கைக் கொள்முதல் செய்தது கோபி அல்ல, நிர்வாகம்.

கோபி தன் பங்குக்கு என்ன செய்தார்? 2006 ஜனவரி 22 அன்று டொரான்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 81 புள்ளிகள். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 35.4, அடுத்த சீசனில் 31.6. இரண்டு வருடமும் லீக்கிலேயே முதலிடம். அணியோ 2006, 2007 இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸ் சன்ஸிடம் தோற்று வீட்டுக்குப் போனது. ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஆள் மட்டும் டார்கெட்டைத் தாண்டி விற்றுக்கொண்டே இருக்கிறார், கம்பெனி மட்டும் மூழ்கிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு வேலை தேடினால் துரோகி என்பீர்களா?

2007 மே 30 அன்று ஒரு வானொலிப் பேட்டியில் தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடச் சொன்னார் கோபி. உடனே மீண்டும் ஜெயிக்கிற அணியைக் கட்டித் தருகிறோம் என்று 2004-ல் தனக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது, அது காற்றில் போய்விட்டது என்பது அவர் தரப்பு. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனுடன் பேசிய பிறகு அன்றைக்கே சுருதி கொஞ்சம் இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது. கோடை முழுக்க இதே பாட்டுதான். அக்டோபரில் ஹவாயில் பயிற்சி முகாம் நடக்கும்போது அணியின் உரிமையாளர் ஜெர்ரி பஸ், கோபிக்கு யாராவது நல்ல விலை சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்கிற பொருளில் நிருபர்களிடமே பேசினார். அவ்வளவுதான், ஆரூடக்காரர்களுக்குத் தீபாவளி!

சிகாகோ புல்ஸ் என்றார்கள். லுவோல் டெங், பென் கார்டன், டைரஸ் தாமஸ், ஜோகிம் நோவா என்று பெயர்களை அடுக்கினார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களே, அந்த மாதிரி. அங்கே துண்டாவது ஒரு மரியாதைக்கு மேலே கிடக்கும். இங்கே அதுவும் இல்லை.

இந்தப் பேரத்தில் கூட்டல் கழித்தல் எவ்வளவு இருக்கிறது என்று ஆரூடக்காரர்கள் பலரும் யோசிக்கவே இல்லை. என்.பி.ஏ.யில் ஆளுக்கு ஆள் என்று நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியாது. சம்பள உச்சவரம்பு என்று ஒன்று உண்டு. 2007-08 சீசனுக்கு அது ஓர் அணிக்கு ஏறத்தாழ 5.56 கோடி டாலர். அந்த வரம்பைத் தாண்டிய அணிகள் டிரேட் செய்யும்போது, தாங்கள் அனுப்புகிற சம்பளத்தில் 125 சதவீதத்துக்கு மேல் ஒரு லட்சம் டாலர் வரைதான் உள்ளே வாங்கலாம் என்பது அப்போதைய விதி. கோபியின் அந்த வருடச் சம்பளம் சுமார் 1.95 கோடி. கணக்குப் போட்டால், அவரை வாங்க வரம்புக்கு மேலே இருக்கிற ஓர் அணி குறைந்தது 1.55 கோடி டாலர் சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும்.

சிகாகோவின் அந்த நான்கு இளைஞர்களும் முதல் ஒப்பந்தக் காலத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் இருவரைக் கொடுத்தால் கணக்கு நேராகாது. நாலைந்து பேரை மூட்டையாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிக் கொடுத்துவிட்டால் கோபி சிகாகோவில் போய் யாருடன் ஆடுவார்? பெஞ்சுடனா? முக்கியமாக, டெங்கைக் கொடுத்துவிட்டுத் தன்னை வாங்குவதில் அர்த்தமில்லை என்று கோபி கருதுவதாக அப்போதே பரவலாக எழுதினார்கள். தொழிற்சாலைக்கு நல்ல மேனேஜர் வேண்டும் என்று, இருக்கிற இயந்திரத்தையெல்லாம் விற்று அவருக்குச் சம்பளம் கொடுப்பது போன்ற வேலை இது.

இன்னொரு பூட்டும் இருந்தது. கோபியின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யக்கூடாது என்ற ஷரத்து உண்டு. லீக்கில் குறைந்தது எட்டு வருடமும் அதே அணியில் நான்கு வருடமும் ஆடியவர்தான் அப்படி ஒரு ஷரத்தைக் கேட்கவே முடியும். அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். டெட்ராய்ட் பிஸ்டன்ஸுடன் பேச்சு நடந்ததும், கோபி அதற்கு ஒப்புக்கொள்ளாமல் அது நின்று போனதும் பிற்பாடு வெளியே வந்த சேதி.

ஆக, ஒரு டிரேட் நடக்க மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சம்பளக் கணக்கு சரியாகிறதா? வாங்குகிற அணியில் வாங்கிய பிறகும் ஏதாவது மிச்சம் இருக்குமா? போகிறவருக்குச் சம்மதமா? 2007 அக்டோபரில் இந்த மூன்றையும் கேட்டிருந்தால் முக்கால்வாசி ஆரூடம் அன்றைக்கே செத்திருக்கும்.

அக்டோபர் 30, சீசனின் முதல் நாள். சொந்த அரங்கத்தில் ஹூஸ்டனுக்கு எதிராக கோபி களமிறங்கியபோது லேக்கர்ஸ் ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அன்று அவர் அடித்தது 45 புள்ளிகள். அணி 93-95 என்று தோற்றது. கடைசி நொடிகளில் ஷேன் பாட்டியர் போட்ட மூன்று புள்ளி வீச்சில் ஹூஸ்டன் ஜெயித்தது. அந்த ஓர் ஆட்டத்திலேயே மொத்த வழக்கும் இருக்கிறது. கூச்சலிட்டவர்கள் யாரைப் பார்த்துக் கூச்சலிட்டிருக்க வேண்டும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், லேக்கர்ஸின் பெருமையே வேறு ஊரிலிருந்து "என்னை அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டு வந்தவர்களால் கட்டப்பட்டதுதான். 1975-ல் கரீம் அப்துல் ஜப்பார் மில்வாக்கியை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டார். லேக்கர்ஸ் நான்கு பேரைக் கொடுத்து அவரை வாங்கியது. மில்வாக்கிக்காரர்கள் வயிறு எரிந்தபோது லாஸ் ஏஞ்சலஸில் யாரும் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அங்கே அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். வருகிறவர் என்றால் மகாலட்சுமி, போகிறவர் என்றால் மூதேவியா?

சரி, அணிகளின் விசுவாசம் எப்படி இருக்கிறது? பிற்கால உதாரணங்களைக் கொஞ்சம் புரட்டலாம்.

ஐசையா தாமஸ், பாஸ்டன். 2017 ஏப்ரலில் தங்கை கார் விபத்தில் இறந்தாள். மறுநாள் ப்ளே-ஆஃப் ஆட்டத்தில் ஆடினார். மே 2, அந்தத் தங்கையின் பிறந்தநாள் அன்று 53 புள்ளிகள் எடுத்தார். இடுப்பில் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் அவரை கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிளேக் கிரிஃபின், லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ். 2017 கோடையில் அவரை இருக்கவைக்க, அரங்கத்தில் அவருடைய சட்டையை உச்சிக்கு ஏற்றிக் கௌரவிப்பது போல ஒரு நாடகமே போட்டுக் காட்டினார்கள். காலமெல்லாம் நீ எங்கள் ஆள் என்றார்கள். 5 வருடம், ஏறத்தாழ 17 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 2018 ஜனவரியில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

டெமார் டெரோசன், டொரான்டோ. ஒன்பது சீசன் அங்கேயே ஆடினார். 2018 ஜூலையில் சான் அன்டோனியோவுக்கு டிரேட். டிரேட் இல்லை என்றுதான் தன்னிடம் சொல்லியிருந்தார்கள் என்றார் அவர். நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி பிறகு பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மறு வருடமே டொரான்டோ கோப்பையை வென்றது, ஆகவே எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள்.

ஹாரிசன் பார்ன்ஸ், டல்லஸ். 2019 பிப்ரவரி 6. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விற்றுவிட்டார்கள்! மனிதர் டல்லஸ் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதே டல்லஸ் 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பியது. அதற்கு முந்தைய ஜூனில்தான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கூட்டிப் போயிருந்தார் அவர்.

இந்த அணிகளின் நிர்வாகிகளைத் துரோகி என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுவும் கொஞ்ச நாள்தான். பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம் வேறு: "இது பிசினஸ்ப்பா!" ஆக, முதலாளி செய்தால் பிசினஸ். வேலை பார்ப்பவன் செய்தால் துரோகம். என்ன ஒரு நியாயம்!

வாயால் சொல்வதில்கூட இதே பாரபட்சம் இருக்கிறது. ஆட்டக்காரரோ அவருடைய ஏஜென்ட்டோ டிரேட் வேண்டும் என்று பொதுவில் கேட்டால் லீக் அபராதம் போடலாம். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸின் அந்தோணி டேவிஸுக்கு அப்படி 50,000 டாலர் அபராதம் விழுந்தது. அணியின் உரிமையாளரோ தன்னிடம் இருப்பவருக்கு விலை கேட்கத் தயார் என்று நிருபர்களைக் கூப்பிட்டே சொல்லலாம். 2007-ல் பஸ் சொன்னது அதுதானே?

எதிர்த்தரப்பில் கேட்கிற கேள்விகளும் உண்டு. அவற்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்று: "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரே?" போட்டார். ஒப்பந்தம் சொல்வது, ஆட வேண்டும், சம்பளம் தர வேண்டும் என்பது. ஆட மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தால் அது ஒப்பந்த மீறல், அதற்குத் தண்டனை உண்டு, இருக்கவும் வேண்டும். கோபி உட்காரவில்லை. முகாமுக்கு வந்தார், முதல் நாளே 45 போட்டார். கேட்பது வேறு, மீறுவது வேறு. இந்த வித்தியாசம் பி.காம். முதல் வருடப் பாடம்.

இரண்டு: "இத்தனை கோடி வாங்குகிறவனுக்கு என்ன குறை?" பரிதாபப்படச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் கோடிக் கணக்கைப் பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 1979-ல் ஜெர்ரி பஸ், லேக்கர்ஸோடு ஒரு ஐஸ் ஹாக்கி அணி, ஓர் அரங்கம், ஒரு பண்ணை எல்லாவற்றையும் சேர்த்து 6.75 கோடி டாலருக்கு வாங்கினார். 2025-ல் அவர் குடும்பம் லேக்கர்ஸின் பெரும்பங்கை விற்க ஒப்புக்கொண்டபோது அணிக்கு மட்டும் போடப்பட்ட மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். அந்த ஏற்றத்தில் ஒரு பெரிய பகுதி கோபியின் இருபது சீசன். அந்த மூலதன லாபத்தில் அவருக்குச் சல்லிக்காசு பங்கு இல்லை. அவருக்குக் கிடைத்தது கூலி, பெரிய கூலி, ஆனாலும் கூலிதான்.

மூன்று: "ரசிகன் பாவமில்லையா?" பாவம்தான். சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவன் வருத்தப்பட எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அவனை ஏமாற்றியது யார்? பட்லரைக் கொடுத்து பிரவுனை வாங்கியவர்களா, இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு 81 போட்டவரா?

ஆட்டக்காரர்களுக்கு இன்று இருக்கிற கொஞ்சநஞ்ச உரிமையும் சும்மா வந்ததல்ல. முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆள் அணிக்கே சொந்தம். அணியாகப் பார்த்து விட்டால்தான் விடுதலை. ஆஸ்கர் ராபர்ட்சன், ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து 1970-ல் என்.பி.ஏ. மீதே வழக்குப் போட்டார். 1976-ல் சமரசம் ஆன பிறகுதான் ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறு அணிக்குப் போகும் வழி திறந்தது. "விசுவாசம்" என்ற வார்த்தையை அன்றைக்கும் உரிமையாளர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கோபி புனிதரா என்றால், இல்லை. 2007 கோடையில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் சிலர் எடுத்த வீடியோவில், ஜேசன் கிட்டை வாங்க ஆண்ட்ரூ பைனமைக் கொடுக்காமல் விட்டார்களே என்று நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பைனமுக்கு அப்போது வயது 19. தன்னைச் சரக்காக நினைக்காதே என்று போராடுகிறவரே, பக்கத்து நாற்காலிப் பையனைச் சரக்காக எண்ணிப் பேசினார். அந்தக் கோடையில் கோபி செய்த நிஜமான தப்பு அதுதான். அதே பைனம் 2009, 2010 கோப்பைகளை வென்ற அணியில் இருந்தார். விசுவாசம் பற்றி முழங்கிய ஆரூடக்காரர்கள் இதைத் தப்பாகவே பார்க்கவில்லை. அவர்களும் அதே பையனைப் பேப்பரில் வைத்து வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்களே!

கடைசியில் என்ன நடந்தது? கோபி எங்கேயும் போகவில்லை. அவர் போட்ட கூச்சலுக்குப் பிறகு நிர்வாகம் விழித்துக்கொண்டது. 2008 பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸிலிருந்து பாவ் கசோல் வந்தார். பதிலுக்குப் போனவை குவாமி பிரவுன், ஜவாரிஸ் கிரிட்டென்டன், ஆரன் மெக்கீ, பாவ் கசோலின் தம்பி மார்க் கசோல் மீதான உரிமை, இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள். இதில் மெக்கீ அந்த சீசனில் ஆடவே இல்லை, பயிற்சிப் பணியில் இருந்தார். சம்பளக் கணக்கை நேராக்க அவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள்! அந்த அக்டோபரில் எந்த ஆரூடக்காரர் பேப்பரிலும் இந்தப் பெயர்ப் பட்டியல் இருந்ததில்லை. லேக்கர்ஸ் அந்த வருடம் 57 ஆட்டம் ஜெயித்தது. கோபி மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். இறுதிச் சுற்றில் பாஸ்டனிடம் தோல்வி. 2009-லும் 2010-லும் கோப்பை.

கேட்டதால்தான் கசோல் வந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் "விசுவாசமாக" வாயை மூடிக்கொண்டிருந்தால் நிர்வாகத்துக்கு என்ன அவசரம் இருந்திருக்கும்? 2016 வரை ஒரே அணியில் இருபது சீசன் ஆடி ஓய்வு பெற்ற அந்த மனிதரை, 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மறைந்தபோது, லேக்கர்ஸ் விசுவாசத்தின் அடையாளம் என்றே பலரும் எழுதினார்கள். 2007-ல் கூச்சலிட்ட அதே ஊர்தான்.

ஆகவே அடுத்த அக்டோபரிலும் யாராவது ஒரு நட்சத்திரத்தின் பெயர் சந்தைக்கு வரும். ஆரூடம் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அது போதும். விசுவாசம் பற்றிப் பேச வேண்டும் என்று நாக்கு அரித்தால் மட்டும், அதே வாரத்தில் அதே அணி எத்தனை பேரை அவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வெட்டி அனுப்பியது என்று எண்ணிப் பாருங்கள். சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் ஆளைக் குறைக்காத அணி கிடையாது. அந்தப் பெயர்கள் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது.